யானைத் தவசியரின் கணக்கும் நம் கணக்கும்

‘நீங்கள் புலால் உண்பதில்லை, சரி. நெல்லையும் கீரையையும் கத்தரிக்காயையும் உண்கிறீர்களே, அவற்றுக்கு உயிரில்லையா? ஓர் ஆட்டைக் கொன்று பத்துப் பேர் உண்பதைவிட ஆயிரம் நாற்றுகளை அறுத்து ஒரு குடும்பம் உண்பது பெரிய கொலை ஆகாதா?’ என்று நம்மிடம் கேட்பவர்கள் இன்றும் உளர். பள்ளியில் நம் பிள்ளைகளிடமும், அலுவலகத்தில் நம்மிடமும் இவ்வினா எழுப்பப்படுகிறது. ஏளனமாகக் கேட்பவரும் உண்டு. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பவரும் உண்டு. பின்னவருக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

வினா மிகப் பழையது. சுவேதாம்பரர் போற்றும் ஆகமங்களுள் ஒன்றான சூத்திரகிருதாங்கத்தில், ஆர்த்திரகர் என்னும் முனிவர் பல சமயத்தாரோடு வாதிடும் பகுதி ஒன்று உண்டு. அவருள் இறுதியாக எதிர்ப்படுவோர் யானைத் தவசியர். ஆண்டுக்கு ஒரே ஒரு யானையைக் கொன்று அதன் ஊனைக் கொண்டே ஆண்டு முழுவதும் வாழ்வதாகவும், அதனால் எண்ணற்ற பிற உயிர்களைக் காப்பதாகவும் அவர்கள் பெருமை பேசினர். ஆண்டுக்கு ஓருயிரை வேண்டுமென்றே கொல்பவர் கொலையினின்று நீங்கியவர் ஆகார் என்பது ஆர்த்திரகர் விடையின் சாரம். தமிழிலும் புலால் உண்பது பற்றிய வாதம் நம் நீலகேசியில் விரிவாக நடக்கிறது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் அந்நூலைப் பதிப்பித்தபின் அது எல்லோர் கைக்கும் கிட்டலாயிற்று.

ஆர்த்திரகரின் விடை அறநோக்கில் போதுமானது. ஆயினும் தவசியரின் கணக்கு சரிதானா என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கு அக்காலத்தில் வழியும் இல்லை. இன்று வழி உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மதுரையைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. நகரின் வடகிழக்கே யானை படுத்திருப்பதுபோல் கிடக்கிறது யானைமலை. (சமணர் ஏவிய யானை கல்லாயிற்று என்னும் புராணக் கதையை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அம்மலையில் நம் முனிவர் வாழ்ந்த குகையும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், அச்சணந்தி பெயரோடு நிற்கும் திருவுருவங்களும் நமக்குப் போதும்.) அதன் மேலிருந்து நோக்கினால் வயல், கண்மாய், தரிசு, சீமைக்கருவேலம், நகரம் ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் அடங்கும். உயிர்கள் ஒன்றையொன்று உண்டு வாழும் முறையும் அங்கேயே விளங்கும்.

வயலிலிருந்து தொடங்குவோம். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பப்பட்டது. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள நிலம் அந்நீரால் இருபோகம் விளைகிறது. அங்கு விளையும் நெல் எதனால் ஆனது? மண்ணால் ஆனது என்றே பலரும் எண்ணுவர். 1648-இல் அச்சேறிய ஒரு சோதனை இதற்கு மாறாகச் சொல்லிற்று. வான் ஹெல்மாண்ட் என்பவர் தொட்டியில் நட்ட மரக்கன்று ஐந்தாண்டில் நூற்றறுபது பவுண்டுக்கு மேல் எடை கூடியது. தொட்டி மண்ணோ சில அவுன்சுகளே குறைந்தது. எடை நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். அது பாதி உண்மை. மற்றப் பாதி காற்றிலிருந்து வந்தது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலை உள்வாங்குகிறது. வெயிலின் ஆற்றலால் அதை நீரோடு சேர்த்து மாவுப்பொருளாக்குகிறது. உலர்ந்த நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கரிமம். அத்தனையும் காற்றிலிருந்து வந்ததே. நம் தட்டில் உள்ள சோறு நேற்றுவரை காற்றாய் இருந்தது என்று சொன்னால் அது கவிதை ஆகாது.

வயலில் விழும் வெயிலில் நூற்றில் ஒன்று அளவே பயிரின் உடலாகிறது. பிற உயிர்கள் அனைத்தும் அந்த ஒரு பங்கை நம்பியே வாழ்கின்றன. ஓரறிவுயிர் மட்டுமே வெயிலை உணவாக்க வல்லது. ஈரறிவு முதல் ஆறறிவு வரை உள்ள எவ்வுயிரும், நாம் உட்பட, அதன் கையை எதிர்பார்த்தே உயிர் வாழ்கிறோம். உயிர்களை அறிவால் தரம் பிரித்த நம் முன்னோர் ஓரறிவுயிரை இழிந்தது என்று எங்கும் கூறவில்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

இனிக் கண்மாய்க்கு வருவோம். வண்டியூர், மாடக்குளம், தென்கால், நிலையூர் என மதுரையைச் சூழ்ந்த எந்தக் கண்மாயையும் எடுத்துக்கொள்ளலாம். நீரில் பாசி வெயிலை உண்கிறது. பாசியை நுண்ணுயிரும் நீர்ப்பூச்சியும் உண்கின்றன, அவற்றை அயிரையும் சிறு கெண்டையும், அவற்றை விரால், விராற் குஞ்சை நீர்க்காகம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஒரு சிற்றேரியை ரேமண்ட் லிண்டெமன் என்னும் இளைஞர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, இப்படிப் படிப்படியாக ஏறும் ஆற்றல் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அவரது கட்டுரை 1942-இல், அவர் மறைந்த சில மாதங்களில் வெளிவந்தது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குதான். இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். ஆயினும் பெரும்பகுதி இழப்பு என்பது மாறுவதில்லை. எஞ்சியது அவ்வுயிரின் மூச்சிலும் ஓட்டத்திலும் உடற்சூட்டிலும் செலவாகிறது. பாசியில் பத்தாயிரம் பங்கு இருந்தால் பூச்சியில் ஆயிரம், அயிரையில் நூறு, விராலில் பத்து, நீர்க்காகத்தில் ஒன்று.

மேலூரை அடுத்த அரிட்டாபட்டி மலைகளில் வல்லூறும் இராசாளியும் வாழ்கின்றன. அவை ஏன் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளன என்று கேட்டால் விடை இதுதான். ஓர் இணை வாழப் பல சதுர மைல் வயலும் தரிசும் அவற்றிலுள்ள சிற்றுயிர்களும் அடியில் வேண்டும்.

இப்போது தவசியரின் யானைக்கு வருவோம். வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோ தழை உண்ணும். இளமைக்காலத்தையும் சேர்த்துச் சராசரி 100 கிலோ என்றே குறைத்துக் கொள்வோம். நாலாயிரம் கிலோ எடையுள்ள யானை இருபது ஆண்டில் 7,30,000 கிலோ தழையை உண்டிருக்கும். எலும்பும் தோலும் தந்தமும் உட்பட முழு யானையையும் தவசியர் உண்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அவர்கள் உண்ட ஒவ்வொரு கிலோவுக்கும் அடியில் 180 கிலோவுக்கு மேற்பட்ட தழை உண்டு. ஒடித்த கிளை, பெயர்த்த மரம், இலையோடு போன புழு, காலடியில் நசுங்கிய எறும்பு எத்தனை என்பதை எண்ணவே முடியாது. தவசியர் கடைசிச் சாவை மட்டும் எண்ணினார்கள். அதன் பின்னே வரிசையாக நின்றவற்றை எண்ணவில்லை. எண்ணிக்கையை வைத்தே வாதிட்டவர்கள் எண்ணிக்கையிலேயே தோற்றார்கள். ஆட்டைக் காட்டி நம்மிடம் வினவுபவருக்கும் இதுவே விடை.

இத்தோடு மகிழ்ந்து நின்றுவிட்டால் நாம் நேர்மையாளர் ஆகோம். வினவியவர் மறுபடியும் கேட்கக்கூடும்: ‘கீழக்குயில்குடியில் உங்கள் சமணமலை அடிவாரத்தில் மேயும் ஆடு நெல்லையா தின்கிறது? மனிதன் உண்ணவியலாத முள்ளையும் புல்லையும் தின்கிறது. அந்நிலத்தில் நெல் விளையாது. பின் எதை இழந்தோம்?’ இது வலுவான மறுப்பே. புல்லின் நார்ச்சத்தைச் செரிக்கும் வல்லமை நம் வயிற்றுக்கு இல்லை. மேலும் நெல்வயலும் கொலையற்ற இடமன்று. உழும்போது மண்புழுவும் நண்டும் மடிகின்றன. வரப்பை வெட்டும்போது எலிவளை அழிகிறது. நம் குடும்பங்களில் பெரும்பாலானவை உழவுக் குடும்பங்கள். இதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் கணக்கு முடிந்து அறம் தொடங்குகிறது என்று கருதுகிறோம். நம் நூல்கள் இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நான்காகப் பிரிக்கின்றன: கொல்லவேண்டும் என்னும் கருத்தோடு செய்யும் சங்கல்பி, சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டுச் செயலில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. முதலாவதை அறவே விடவேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். சமணமலை ஆட்டைக் கொல்வது முதலாவதைச் சேரும். அங்கே ‘ஒன்றா, ஆயிரமா’ என்னும் எண்ணுக்கே இடமில்லை. உழவில் நேர்வது மூன்றாவதைச் சேரும். குறைக்க வேண்டும் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆகவே அங்கே எண்ணியே ஆகவேண்டும். யானைத் தவசியர் எண்ணக்கூடாத இடத்தில் எண்ணினார்கள். எண்ணவேண்டிய இடத்தில் எண்ணாமல் இருக்கிறோம் நாம். இரண்டில் எது பெரிய பிழை என்று சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் இரண்டாவது நம்முடையது.

எண்ணத் தொடங்கினால் முதலில் ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். வெயிலின் ஆற்றல் ஒருவழிப் பயணி. பயிரில் புகுந்து, படிப்படியாக உயிர்களைக் கடந்து, சூடாகி வானில் கரைந்துவிடும், திரும்பி வாராது. கரிமம் அப்படியன்று, அது சுற்றிச் சுற்றி வரும். நெல்லாகி, வைக்கோலாகி, மாட்டின் மூச்சிலும் சாணத்திலும் வெளிப்பட்டு, மண்ணில் மட்கி, மீண்டும் காற்றாகி, மறு போகத்தில் மறுபடியும் நெல்லாகும். கண்மாய்க்கு அடித்துவரப்பட்ட இலைதழை வண்டலில் புதைந்து நெடுநாள் தங்கும். கோடையில் வண்டல் அள்ளி வயலில் இட்ட நம் பாட்டனார் அந்தச் சுற்றின் ஒரு வளைவைத் தம் கையாலேயே நிறைவு செய்தார்கள்.

சுற்றின் வேகம் மாறும் இடத்தில்தான் தீங்கு பிறக்கிறது. மேலூர்ப் பக்கத்தில் எவரேனும் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால், அம்மரம் சில ஆண்டுகளில் காற்றிலிருந்து எடுத்த கரிமமே மீண்டும் காற்றில் கலக்கிறது. வேர் மறுபடி தழைத்தால் மறுபடி எடுத்துக்கொள்ளும். நெய்வேலியிலோ 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். அது மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னே வாழ்ந்த காடு. அந்தக் காடு மெல்ல மெல்லச் சேர்த்ததை நாம் ஒரு தலைமுறையில் எரித்துவிடுகிறோம். எரித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காடு எங்கும் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காயிருந்த கரியமிலவாயு, ஹவாய்த் தீவில் முறையாக அளக்கத் தொடங்கிய 1958-இல் 315 பங்காயிற்று. 2024-இல் 420-ஐத் தாண்டியது. மூட்டத்துக் கரியும் நெய்வேலிக் கரியும் பொருளால் ஒன்றே. அவை காற்றோடு வைத்த கணக்கு வேறு.

சிராவகாசார நூல்கள் சிலவற்றில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்கள் சொல்லப்படுகின்றன. கரி சுடுதல், காடு வெட்டுதல், தீ வைத்து நிலத்தை எரித்தல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் ஆகியவை அவற்றுள் அடக்கம். இவற்றை முன்பு வாசித்தபோது ஏன் இவற்றை இவ்வளவு தனித்துச் சொன்னார்கள் என்று நமக்குத் தோன்றியதுண்டு. கரிமம் எங்கெங்கே தங்கியிருக்கிறது என்று இன்றைய அறிவியல் காட்டும் இடங்கள் காடும், மண்ணும், நீரடி வண்டலும் ஆகும். ஆசிரியர்கள் கரிமத்தை அறிந்து சொன்னார்கள் என்று நாம் வாதிடவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு நம் பத்திரிகைகளில் ஏற்கெனவே மிகுதி. அவர்கள் அறிந்தது, உயிர்கள் கூட்டமாய் வாழும் இடங்களை. அவ்விரண்டும் ஒரே இடங்களாய் இருக்கின்றன.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பயனின்றிச் செய்யும் தீங்கைக் கூறும்போது, வீணே மண்ணைக் கிளறுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றைக் கலக்குதல், செடியைக் கிள்ளுதல் ஆகியவற்றோடு வீணே அலைதலையும் பிறரை அலையச் செய்தலையும் சேர்க்கிறார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் வீடுகளில் ஓதப்படுவது. அலைதல் ஏன் இம்சையாகும் என்று இளைஞர் கேட்பர். பத்துப் பேர் செல்லும் தலயாத்திரைக்கு ஐந்து கார்களில் புறப்படும்போது அதன் விடை புகைக்குழாயில் தெரிகிறது. திருமணப் பந்தியில் உண்ணாமல் மூடிவைக்கும் இலையிலும் அது தெரிகிறது. அந்தச் சோற்றுக்காக மடிந்த மண்புழு யாருடைய பசியையும் ஆற்றவில்லை.

2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமம் ஏலம் விடப்பட்ட செய்தி வந்தபோது நம்மில் பலர் முதலில் கவலைப்பட்டது அங்குள்ள நம் கற்படுக்கைகளுக்கும் கல்வெட்டுக்கும். அது இயல்பே. ஆனால் ஊர்மக்கள் கவலைப்பட்டது கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் ஆடுமாடுகளுக்கும். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தைக் காக்க அவர்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. நம் முனிவர் வாழ்ந்த பாறையைக் காத்தவர்கள், பெரும்பாலும் புலால் உண்ணும் உழவர்கள். நம் முனிவர் அம்மலைகளைத் தேர்ந்ததும் அடியில் சுனையும் ஊரும் வயலும் இருந்தமையால்தான் அன்றோ?

இறுதியாக, வெளியார் எவரும் நம்மிடம் கேளாத, ஆயின் நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று: பால். நெல்வயலின் நீர் தேங்கிய சேற்றில் மீத்தேன் உண்டாகிறது. மாட்டின் இரைப்பையிலும் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப்போல் ஏறக்குறைய இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வயலுக்கு வழியுண்டு: நீரைக் கட்டியே வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் குறையும், நீரும் மிஞ்சும். மாட்டுக்கு அவ்வளவு எளிய வழி இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய இடர் வேறு.

பசு கன்று ஈன்றால்தான் பால். ஈனும் கன்றில் பாதி காளைக் கன்று. முன்னாளில் அக்காளைக்கு வேலை இருந்தது. வயலின் வைக்கோலை உண்டு, அவ்வயலையே உழுது, கவலை இறைத்து, வண்டி இழுத்து, சாணத்தை மண்ணுக்கே தந்தது. வெயில் வைக்கோலாகி, வைக்கோல் உழைப்பாகிற்று. அந்த ஏற்பாட்டில் பாலை இம்சையற்ற உணவு என்று நம் முன்னோர் கொண்டது ஓரளவு பொருந்தும். பின் டிராக்டர் வந்தது. பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் காளையின் வேலையைப் பறித்துக்கொண்டது. வேலை இழந்த காளைக் கன்று எங்கே போகிறது? அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல்களுக்காக வளர்க்கப்படுபவை மிகச் சில. பிறவற்றில் பெரும்பாலானவை சந்தைக்கும், அங்கிருந்து நாம் அறிய விரும்பாத இடத்துக்கும் போகின்றன. நாம் அருந்தும் பால் மாறவில்லை. திருமஞ்சனத்துக்குத் தரும் பாலும் மாறவில்லை. அதன் பின்னே நிற்கும் வரிசை மாறிவிட்டது.

காக்க விரும்பினால் அதற்கும் கணக்கு உண்டு. முந்நூறு கிலோ எடையுள்ள காளைக்கு நாளொன்றுக்கு ஏழு கிலோவுக்குக் குறையாத உலர்தீவனம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டரை டன்னுக்கு மேல். அது பதினைந்து ஆண்டு வாழ்ந்தால் நாற்பது டன் அளவு. ஒரு பசு தன் வாழ்நாளில் ஐந்தாறு கன்று ஈன்றால் அவற்றுள் இரண்டு மூன்று காளைகள். பால் விலையில் இந்த வைக்கோலின் விலை சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் நம் காப்பியின் விலை என்னவாகும் என்பதை அவரவர் வீட்டில் ஒரு மாலைப்பொழுதில் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாலை அறவே விட்ட குடும்பங்கள் சில நம்மிடையே உருவாகி வருகின்றன. பாலைக் குறைத்து, எஞ்சிய பணத்தைக் கோசாலைக்குத் தருவோரும் உளர். காளைக்கு மீண்டும் உழவில் இடம் கொடுக்க முடியுமா என்று, சொந்த நிலமுள்ள நம் உழவர்கள்தாம் சொல்ல வேண்டும்.